வாளிக் கணக்கு

அந்த விடுதியில் ஆளைவிட வாளிக்குத்தான் மதிப்பு. சிரிக்க வேண்டாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். மொரப்பூரிலிருந்து அரூர் போகிற சாலையில், ஊரைவிட்டு ஒதுங்கி, ஒரு கரட்டின் அடிவாரத்தில் கட்டிய பெண்கள் கல்லூரி அது. கட்டினவர்களுக்கு நிலம் மலிவாகக் கிடைத்தது, தண்ணீர்தான் கிடைக்கவில்லை. மாசி பிறந்தால் போர்வெல் இருமத் தொடங்கிவிடும். மற்ற மாதங்களிலும் சாயங்காலம் ஒரே ஒரு வேளைதான், வராந்தாக் கோடியில் இருக்கிற ஒற்றைக் குழாயில் தண்ணீர் விடுவார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே வராந்தா நெடுக வாளிகள் வரிசை கட்டிவிடும். ஒவ்வொன்றிலும் பெயின்ட்டில் பெயர். முறை வரும்போது வாளிக்காரி அங்கே இல்லையென்றால் பின்னால் நிற்கிறவள் கூசாமல் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் வாளியை வைத்துவிடுவாள். அப்புறம் மறுநாள் வரைக்கும் முகம் கழுவக்கூட அடுத்தவளிடம் கெஞ்ச வேண்டியதுதான்.

இதைக் கவனித்துத்தான் வார்டன் பானுமதி மேடம் தன் வாளிக் கணக்கைக் கண்டுபிடித்தார். ஆறு மணிக்கு எல்லாப் பெண்களும் விடுதிக்குள் இருக்க வேண்டும். பெயர் கூப்பிட்டால் ஒருத்திக்கு இன்னொருத்தி குரல் கொடுத்துவிடுகிறாள். ஆனால் தண்ணீர் விஷயத்தில் எவளும் எவளுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பது மேடத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆக, வாளி நிறைந்திருந்தால் ஆள் உள்ளே இருக்கிறாள். ஆறு மணிக்கு வராந்தாவில் ஒரு நடை நடப்பார், நிறைந்த வாளிகளைக் கண்ணாலேயே எண்ணுவார், வாட்ச்மேன் மாதுவிடம் கேட்டைப் பூட்டச் சொல்வார். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று அவருக்கு நினைப்பு. காவியா என்று ஒருத்தி இருப்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

காவியா பொம்மிடிப் பக்கம் ஒரு குடியானவர் வீட்டுப் பெண். தாவரவியல் இரண்டாம் வருடம். அவளுடைய அறைத்தோழி ஸ்டெஃபியும் அதே வகுப்பு, அரூரைத் தாண்டி ஒரு கிராமத்துக் கிறிஸ்தவ வீட்டுப் பெண். மஞ்சள் வாளி காவியாவுடையது, நீல வாளி ஸ்டெஃபியுடையது. இரண்டையும் தினமும் வரிசையில் நகர்த்துகிறவளும் ரொப்புகிறவளும் காவியா ஒருத்திதான்.

"உன் ஃப்ரெண்டு என்னா மகாராணியா? குனிஞ்சு ஒரு வாளி புடிக்க மாட்டாளா?" என்று பின்னால் நிற்கிற தமிழ்மணி நாள் தவறாமல் முணுமுணுப்பாள்.

"அவளுக்கு இடுப்பு வலிடி" என்று காவியாவும் நாள் தவறாமல் சொல்வாள். அந்த வயதில் மாதக்கணக்காக ஒருத்திக்கு இடுப்பு வலிக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை, அதுதான் அதிசயம்.

அந்த நேரத்தில் ஸ்டெஃபி கரட்டின் மேல் இருப்பாள். விடுதியின் சமையல்கட்டுக்குப் பின்னால் கம்பிவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் நரிக்கல் கரடு. பாறையும் முள்ளும் சீத்தாச் செடியும் ஆளுயரப் புல்லுமாக நிற்கிற ஒரு குன்று. வேலியில் ஓரிடத்தில் கம்பி தளர்ந்து கிடந்தது, குனிந்தால் நுழைந்துவிடலாம். அங்கிருந்து ஆடுகள் போய்ப் போய் விழுந்த ஒற்றைத்தடம் மேலே ஏறும். உச்சியில் வழுவழுவென்று ஒரு பெரும்பாறை, பாறை நடுவில் மழைத்தண்ணீர் தங்குகிற ஒரு சுனை.

அங்கே போய் அவள் என்ன செய்வாள்? இதுதான் ஒருத்தருக்கும் புரியாத விஷயம். ஒன்றும் செய்ய மாட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பாள். போட்டோ எடுக்கலாம் என்றால் செல்போன்கள் எல்லாம் ஏழு மணி வரைக்கும் மேடத்தின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். பாடவும் மாட்டாள், படிக்கவும் மாட்டாள். பாறை சூடு ஆறுகிற வரைக்கும் அதன்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வருவாள்.

முதல் வருடத்தில் ஒரு தடவை மாட்டிக்கொண்டாள். ஆபீஸ் அறையில் நிற்கவைத்து அத்தனை பேரும் கேட்ட ஒரே கேள்வி, யாரைப் பார்க்கப் போனாய் என்பதுதான்.

"யாரையும் இல்லீங்க. சும்மா உக்காந்திருந்தேங்க."

ஒரு வயசுப்பெண் சும்மா உட்காருவதற்காகக் கரடு ஏறுவாளா? சொன்னால் யார் நம்புவார்கள்? அவளுடைய அப்பா சவரியை வரச்சொன்னார்கள். அவர் கொத்தனார். வேலையைப் பாதியில் விட்டு, சிமென்ட் காய்ந்த கையோடு வந்து நின்றார். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. "இன்னொரு தரம் இந்த மாதிரி பேரு வந்துச்சுன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு வூட்டுக்கு வந்துரு. ஓசூர் மாப்ளைக்குச் சரின்னு சொல்லிடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். கத்தியிருந்தாலாவது தேவலை. அந்த நிதானமான குரலில்தான் ஸ்டெஃபிக்குக் கிலி பிடித்தது.

ஆனால் கரட்டை விட்டாளா? ஒரு வாரம் விட்டாள். அப்புறம் ஒரு சாயங்காலம் காவியாவைப் பிடித்துக்கொண்டாள். அலமாரியில் வைத்திருந்த மாதா படத்தைக் கையில் எடுத்து நீட்டினாள்.

"நான் மேல போறத எவகிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு மாதா மேல கை வச்சு சொல்லு."

"நான் எங்கடி உங்க மாதாவக் கும்புடறேன்?"

"அப்ப உங்க குலசாமி மேலயும் சேத்துச் சொல்லு."

காவியா இரண்டு சாமி மேலும் சத்தியம் செய்தாள். விளையாட்டாகத்தான் செய்தாள். அது பின்னால் தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்?

காவியாவுக்குக் காடும் கரடும் புதுசில்லை. வெயிலில் காய்ந்து, ஆடு மேய்த்து, வேலிமுள் குத்தி வளர்ந்தவளுக்கு அதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். கார்த்திகை மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேடம் ஊருக்குப் போயிருந்தபோது, ஸ்டெஃபியின் தொந்தரவு தாங்காமல் ஒரே ஒரு தடவை கூடப் போனாள். சுனை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கல்லில் பாசி பச்சையாகப் பூத்துக் கிடந்தது. தட்டான்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தன. சீத்தாப்பழத்தைப் பிட்டுத் தின்றுவிட்டு இரண்டு பேரும் ஈரப்பாறையில் மல்லாந்து படுத்தார்கள். தூரத்தில் மொரப்பூர்ப் பக்கம் ரயில் ஒன்று விளக்குப் போட்டுக்கொண்டு போனது. பாறையின் இடுக்கிலிருந்து கொம்பன் ஆந்தை ஒன்று தலையைத் திருப்பி இவர்களை முறைத்தது. காவியாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வீட்டில், வகுப்பில், விடுதியில், எங்கே இருந்தாலும் யாராவது ஒரு வேலை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த ஒரு கல்மேல் மட்டும் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு ஸ்டெஃபியைப் புரிந்தது. அதற்கப்புறம் நீல வாளியை ரொப்புவது அவளுக்கு ஒரு சுமையாகவே தெரியவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரு சைகை உண்டு. காவியா சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போவாள். ஸ்டெஃபி பாறைமேல் எழுந்து நின்று துப்பட்டாவைத் தலைக்கு மேல் வீசினால் இறங்கப் போகிறாள் என்று அர்த்தம். காவியா பதிலுக்குத் துண்டை வீசினால் பார்த்துவிட்டேன், வா என்று அர்த்தம். அப்புறம் ஸ்டெஃபி வேலியில் நுழைந்து சமையல்கட்டு வழியாக உள்ளே வந்துவிடுவாள். காதும் காதும் வைத்த மாதிரி ஒரு வருடத்துக்கு மேல் இது நடந்தது.

பங்குனியில் அந்தப் புதன்கிழமை வந்தது. அனல் காற்று. வகுப்பு விட்டதும் ஸ்டெஃபி மஞ்சள் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"இன்னிக்கி வேணான்டி" என்றாள் காவியா. "மேடம் காலையிலேர்ந்தே சிடுசிடுன்னு இருக்காங்க."

"ஆந்தக் குஞ்சு மூணும் றெக்கைய அடிச்சுப் பாக்குதுடி. இன்னிக்கோ நாளைக்கோ பறந்துரும். அது பறக்கறத நான் பாக்கணும்."

"நாளைக்குப் பாரு."

"இன்னிக்கே பறந்துருச்சுன்னா உன் தலையிலதான் கொட்டுவேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

காவியா துணி எடுக்க மாடிக்கு ஏறியபோது கரட்டின் அந்தப் பக்க அடியிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவள் பதறவில்லை. பழம்புல்லைக் கொளுத்திவிட்டால் கோடை மழைக்குப் புதுப்புல் தளதளவென்று வரும் என்று ஆட்டுக்காரர்கள் வருடா வருடம் வைக்கிற தீ அது. அவளுடைய ஊரிலும் வைப்பார்கள். வெறும் புல் எரிந்து அதுவாக அணைந்துவிடும். பாறைமேல் மஞ்சள் துப்பட்டா தெரிந்தது. ஸ்டெஃபி எழுந்து நின்று அதை வீசினாள். ஒரு தரம் அல்ல, விடாமல் வீசினாள். அவசரமாக இறங்குகிறாள் போல, நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டு காவியாவும் துண்டை எடுத்து வீசினாள். துப்பட்டா நின்றது. ஸ்டெஃபி பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். ஏன் உட்காருகிறாள் என்று காவியாவுக்கு ஒரு கணம் தோன்றியது. செருப்பு மாட்டுகிறாள் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. காவியா மஞ்சள் வாளியை ரொப்பினாள், நீல வாளியை ரொப்பினாள். தமிழ்மணி முணுமுணுத்தாள். ஸ்டெஃபி வருகிற நேரம் வந்தது, போனது. காவியா சமையல்கட்டு வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் வேட்டு வெடிக்கிற மாதிரி படபடவென்று சத்தம் கேட்டது. காற்று திரும்பியிருந்தது. கரும்புகை சுருண்டு சுருண்டு கரட்டின் இந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் துணுக்குகள் வந்து அவள் தோளில் உட்கார்ந்தன.

திரும்பவும் மாடிக்கு ஓடினாள். தடம் இருந்த இடமே தெரியவில்லை, புகைதான் இருந்தது. புகைக்கு மேலே பாறை மட்டும் மொட்டையாகத் தெரிந்தது. மஞ்சளாக ஏதோ அசைந்த மாதிரி இருந்தது, அப்புறம் அதுவும் மறைந்தது.

இறங்கும்போது படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். சொல்லிவிடலாமா? சொன்னால் ஸ்டெஃபியின் படிப்பு போச்சு. அந்தக் கொத்தனார் மறுபேச்சுப் பேச மாட்டார், ஓசூர் மாப்பிள்ளைக்குச் சரி என்று ஒரு வார்த்தை போதும். ஸ்டெஃபி ஜன்மத்துக்கும் முகத்தில் முழிக்க மாட்டாள். சத்தியம் வேறு, அதுவும் இரண்டு சாமி மேல். ஒருவேளை அவள் பாதிவழி இறங்கியிருந்தால்? இதோ வேலியில் நுழைந்துகொண்டிருந்தால்? இன்னும் கொஞ்சம் பொறுத்தால் யாருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும். பாவி மனசு இப்படித்தான் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

புகை விடுதிக்குள் வந்துவிட்டதால் பானுமதி மேடம் எல்லாரையும் வராந்தாவுக்கு வரச்சொல்லிவிட்டார். மாது அண்ணன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு தீயணைப்பு வண்டிக்காகக் கத்திக்கொண்டிருந்தார். வண்டி அரூரிலிருந்து வர வேண்டும்.

"யாராச்சும் வெளிய இருக்கீங்களா? ரூம்ல, லைப்ரரியில, எங்கயாச்சும்? இப்பவே சொல்லிடுங்க" என்றார் மேடம்.

யாரும் பேசவில்லை. காவியா நீல வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மேடம் வரிசை நெடுக ஒரு நடை நடந்தார். பழக்கத்தில் கண் வாளிகளைத்தான் பார்த்தது, முகங்களைப் பார்க்கவில்லை. நீல வாளியருகே வந்தபோது மட்டும் நின்றார்.

"ஸ்டெஃபி எங்க?"

"பாத்ரூம்ல இருக்கா மேடம்."

காவியாதான் சொன்னாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மேடம் நிறைந்த வாளியைப் பார்த்தார், தலையை ஆட்டினார், நகர்ந்துவிட்டார். "வாளிக் கணக்கு சரியா இருக்கு. எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. பின்பக்கம் எந்தக் கதவும் தொறக்கக் கூடாது, மாது" என்றார்.

அடிப்பாவி, சொல்லித் தொலையேன் என்று நமக்குத் தோன்றுகிறது. அவளுக்கும் தோன்றியது. தோன்றுவது வேறு, வாயைத் திறப்பது வேறு. தமிழ்மணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காவியா நீல வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ஒருத்தி மேலே கையைக் காட்டினாள். புகைக்குள்ளிருந்து பெரிய பறவை ஒன்று அகலமாகச் சிறகை விரித்து விடுதிக்கு மேலாகத் தாழப் பறந்து போனது. பின்னாலேயே இன்னொன்று. வெளிச்சம் இருக்கும்போதே ஆந்தை பறக்கிறது பாருடி என்று இரண்டு பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். கொம்பன் ஆந்தைகள். குஞ்சுகளை விட்டு ஒரு அடி நகராத ஜோடி அது. குஞ்சுகளையே விட்டுவிட்டு அவை வந்துவிட்டன என்றால் பாறைமேல் இப்போது என்ன இருக்கும்?

ஓடிப்போய் மேடத்தின் கையைப் பிடித்தாள்.

"ஸ்டெஃபி மேல இருக்கா மேடம்."

"எந்த மேல?"

"கரட்டு மேல. பாறையில."

"உளறாத. அவ வாளி இங்க ரொம்பி நிக்குது, நீதான பாத்ரூம்ல இருக்கான்னு சொன்ன."

காவியா திரும்பி வந்து நீல வாளியைக் காலால் எட்டி உதைத்தாள். மறுநாள் வரைக்குமான தண்ணீர் வராந்தா நெடுக ஓடியது. அந்த விடுதியில் அப்படி ஒரு காரியத்தை யாரும் அதுவரை செய்ததில்லை.

"நான்தாங்க ரொப்புனேன். தெனமும் நான்தான் ரொப்பறேன். அவ தெனமும் அங்கதான் இருப்பா."

மேடம் ஒரு நிமிடம் அந்தக் கவிழ்ந்த வாளியையே பார்த்தார். அப்புறம் திட்டவில்லை, கேள்வி கேட்கவில்லை. புடவையை இழுத்துச் செருகினார்.

"பெட்ஷீட்ட எல்லாம் கொண்டாங்க. தண்ணியில முக்குங்க. மாது, வேப்பங்கொப்பு ஒடைச்சுக்கிட்டு வா. எந்த வழிடி போவா அவ?"

ஒரு முகம் கழுவத் தண்ணீர் தராத பெண்கள் அத்தனை பேரும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். தமிழ்மணி தன் போர்வையை வாளிக்குள் அமுக்கி, அப்படியே சொட்டச் சொட்டக் காவியாவின் தலையில் போட்டாள். வேலியை மாது அண்ணன் மிதித்துச் சாய்த்தார். முன்னால் அவர் பச்சைக்கொப்பால் தீயை அடித்துக்கொண்டே போக, பின்னால் மேடமும் காவியாவும் ஈரப் போர்வைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினார்கள். புல் எரிந்து முடிந்த இடத்தில் கரி நெருப்பாகக் கிடந்தது. செருப்பு உருகிக் காலில் ஒட்டியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. "ஸ்டெஃபி, ஸ்டெஃபி" என்று காவியா கூப்பிட்டது அவள் காதிலேயே விழவில்லை. மேடம் இரண்டு தரம் விழுந்தார், இரண்டு தரமும் எழுந்தார்.

பாறைமேல் தீ ஏறவில்லை. ஏற அங்கே புல் இல்லை. ஆனால் புகை அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்டெஃபி வற்றிப்போன சுனைக்குள் குப்புறக் கிடந்தாள். அடியில் மிச்சமிருந்த சேற்றில் துப்பட்டாவை நனைத்து முகத்தை மூடியிருந்தாள். வலது கால் பாதத்திலிருந்து முழங்கால் வரை வெந்திருந்தது. தொட்டதும் முனகினாள். அந்த முனகலைக் கேட்டதும் காவியா பாறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள்.

"அழுறத அப்பறம் வச்சுக்கலாம். காலப் புடி" என்றார் மேடம்.

அரூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, கால் ஆற நாளாகும் என்றார்கள். வெளியூரில் வேலைக்குப் போயிருந்த சவரி மறுநாள் காலையில் வந்து சேர்ந்தார். அவரைத் தூரத்தில் பார்த்ததுமே காவியா மேடத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். பானுமதி மேடம் எழுந்து நின்றார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம், புடவை ஓரமெல்லாம் பொசுங்கியிருந்தது.

"உங்க பொண்ணு மேல தப்பு இருக்குங்க. ஆனா ஆளப் பாக்காம வாளியப் பாத்தது நான். அது அதவிடப் பெரிய தப்புங்க" என்றார்.

சவரி அதைக் கேட்டுவிட்டுக் காவியாவிடம் வந்தார்.

"நீதான் சொன்னியா பாப்பா?"

"ஆமாங்கப்பா."

"மெய்யச் சொல்லு. அவ யாரு கூட அங்க போவா?"

"யாரு கூடவும் இல்லீங்கப்பா. சத்தியமா யாரும் இல்ல. சும்மா போயி உக்காந்துட்டு வருவா. அங்க ஆந்தக் குஞ்சு இருக்குதுங்க, அதப் பாப்பா. வேற ஒண்ணுமே இல்லீங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் காய்ந்திருந்த சிமென்ட்டைச் சுரண்டினார்.

"யாராச்சும் கூட இருந்திருக்கக் கூடாதான்னு ராத்திரி பூரா நெனச்சுக்கிட்டே வந்தேன் பாப்பா" என்றார். "எவனா இருந்தாலும் பரவால்ல, கூட ஒரு ஆளு இருந்திருந்தா தூக்கியாந்திருப்பான்ல."

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் சவரியே சொன்னார். "படிப்ப நிறுத்தல. படிக்கட்டும். ஆனா ஹாஸ்டல் வேணாம். கால் சரியானதும் வூட்டுலேர்ந்து பஸ்ஸுல வந்து போவட்டும். சாயந்தரம் என் கண்ணு முன்னால இருக்கட்டும்."

காவியாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லே இறங்கின மாதிரி இருந்தது. படிப்பு பிழைத்தது. கரடு போனால் போகட்டும், ஓசூர் மாப்பிள்ளையும் போனான். ஸ்டெஃபி கோபித்துக்கொள்வாள், ஏன் சொன்னாய் என்று கேட்பாள், கேட்கட்டும். உயிர் பெருசா சத்தியம் பெருசா என்று திருப்பிக் கேட்க வேண்டியதுதான். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

ஸ்டெஃபி கண்விழித்திருந்தாள். கால் முழுக்கக் கட்டு. முன்முடி பொசுங்கிச் சுருண்டிருந்தது. சவரி சொன்னதைக் காவியா அவளிடம் சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டாள். கோபமே இல்லை.

"நீ மாடியில நின்னதப் பாத்தேன்டி" என்றாள் மெல்ல. தொண்டை கரகரத்தது. "பொக வந்ததும் பயந்து கத்துனேன். துப்பட்டாவ ஆட்டுனேன். நீ துண்ட ஆட்டுன. அப்பாடா, பாத்துட்டா, இனி ஆளக் கூட்டிக்கிட்டு வந்துருவான்னு நெனச்சேன். பயமே போயிருச்சு. கத்தறத நிறுத்திட்டு அங்கயே உக்காந்துட்டேன். எறங்கி வேற எடத்துக்குப் போனா தேடி வர்றவங்களுக்குத் தெரியாதுல்ல."

காவியா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப தடத்துல தீ இருந்துச்சா?"

"அப்ப இல்ல. அந்தப் பக்கந்தான் எரிஞ்சுது. யாரும் வரலயேன்னு அப்பறமாத்தான் எறங்கிப் பாத்தேன். அப்பத்தான் காலு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஏண்டி அவ்ளோ நேரம்?"

ஏன் சொன்னாய் என்ற கேள்விக்குத்தான் காவியா பதில் வைத்திருந்தாள். உன் படிப்புக்காகத்தான் என்று சொல்லலாம். சத்தியத்துக்காக என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். அந்தக் கட்டுப் போட்ட காலுக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"பயந்துட்டேன்டி" என்றாள். "சொல்லிருக்கணும். பாத்ரூம்ல இருக்கான்னு பொய் வேற சொன்னேன்."

ஸ்டெஃபி தலையை ஆட்டினாள். அது மன்னிப்பா இல்லையா என்று காவியாவுக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே அரூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது.

"குஞ்சுங்க பறந்துச்சாடி?" என்று ஸ்டெஃபி கேட்டாள். "பொகையில எனக்கு ஒண்ணும் தெரியல. நீ கீழேர்ந்து பாத்திருப்பல்ல?"

பறந்துருச்சுடி, மூணும் பறந்துருச்சு. வாக்கியம் காவியாவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்வது எவ்வளவு சுலபம். இந்தத் தடவை அவள் காத்திருக்கவில்லை.

"பெருசு ரெண்டுதான் வந்துச்சு. குஞ்ச நான் பாக்கல."

ஸ்டெஃபி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். காவியா எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.